வெறுங்கையாரின் காது

அந்த ஊருக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது.

பெட்டியைத் தட்டிப் பார்த்து, உத்தரவாதச் சீட்டைப் பத்திரப்படுத்தி, அக்கம்பக்கத்தார் கண்ணில் படும்படியாக வீட்டுக்குள் கொண்டுவந்த சாமான்களையெல்லாம் மக்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மண்டபத்து வாசலில் இறக்கிவைத்தார்கள். வெறுங்கையோடு முகம் மலரத் திரும்பினார்கள். மிக்சி போனது. இஸ்திரிப் பெட்டி போனது. வங்கியில் வேலை பார்த்த ஒருவர் ஏ.சி.யையே பெயர்த்துக் கொடுத்துவிட்டு, சுவரில் விழுந்த ஓட்டை வழியாக வந்த காற்றை ‘இயற்கை’ என்று வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். மழை பெய்தபோது அதே ஓட்டை வழியாக இயற்கை கட்டில்வரை வந்தது. மனிதர் கட்டிலை நகர்த்திப் போட்டாரே தவிர, கருத்தை நகர்த்தவில்லை.

எல்லாம் வெறுங்கையார் செய்த வேலை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. தோள்வரை முடி, மார்புவரை தாடி, கணுக்கால்வரை வெள்ளை அங்கி. கடிகாரம்கூடக் கட்டாத கை. அந்தக் கையை அகல விரித்து, “வெறுங்கையோட வந்தோம், வெறுங்கையோட இருப்போம்” என்பார். கொடுத்த எந்திரங்களையெல்லாம் மண்ணில் அடக்கம் செய்துவிடுவதாகச் சொல்வார். கூட்டம் கண் கலங்கும். அந்த வெறுங்கைக்கு வந்து சேர்ந்த சாமான்களை அடுக்க மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகை போதாமல், பக்கத்தில் இன்னொரு கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை. கலங்கிய கண்ணில் எது படும்?

அவருடைய தத்துவம் மிக எளிமையானது. எந்திரம் ஒவ்வொன்றுக்கும் ‘இழுவை’ என்று ஒன்று உண்டு. மின்சாரத்தை அது இழுக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது இழுப்பது நம் உயிர்ச்சத்தை. மீட்டரில் ஓடுவது நம் ஆயுள். பிரிட்ஜ் காய்கறியோடு சேர்த்து உறவுகளையும் உறையவைக்கிறது. வாஷிங் மெஷினில் துணி சுற்றுகிற சுற்றில் வீட்டுக்காரரின் புத்தியும் சுற்றுகிறது. லிப்டில் மேலே போகிறவரின் உடம்புதான் போகிறது. உயிர் பாவம், படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறது. இதைக் கேள்விப்பட்ட பிறகு ஓர் அலுவலகத்தில் எல்லாரும் லிப்டை விட்டு இறங்கியதும், தத்தம் உயிர் வந்து சேரட்டும் என்று சற்று நேரம் நடையிலேயே நின்றுவிட்டு வேலைக்குப் போனார்கள். தாமதமாக வந்ததற்காக யாரையும் மேலாளர் கடிந்துகொள்ளவில்லை. அவரும் தம்முடையதற்காகத்தான் காத்திருந்தார்.

வெறும் தத்துவத்துக்கு இத்தனை கூட்டம் வருமா? வராது. கூட்டத்தை வரவழைத்தது வேறு. வெறுங்கையார், முன்பின் பார்த்திராத ஆளின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவர் வீட்டு விவரத்தைப் புட்டுப்புட்டு வைப்பார். மண்டபத்தில் மின்விளக்கு கிடையாது, மெழுகுவர்த்திதான். மைக் கிடையாது, தொண்டைதான். தரையில் சிவப்புக் கம்பளம். “உங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ ஒரு எந்திரம் இருக்கு. அது வந்த நாள்லேர்ந்து உங்க முழங்கால் சரியில்லை” என்பார். முழங்காலுக்குரியவர் அப்படியே அதை மடித்து விழுந்துவிடுவார்.

முன்வரிசையில் எப்போதும் கணக்கு வாத்தியார் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை நிகழ்தகவில் பெயிலாக்கியவர். “இத்தனை பேர் வீட்டு விஷயத்தை ஒரு மனுஷன் ஊகிச்சே சொல்றதுக்கு வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால இது தெய்வ சக்திதான்” என்று கணக்குப் போட்டுத் தம் கால்குலேட்டரைக் கொடுத்துவிட்டார். கணக்கு சரி. ‘ஊகிக்காமல், யாராவது சொல்லிக் கொடுத்தால்?’ என்ற இன்னொரு வாய்ப்பு அவர் பாடத்திட்டத்தில் இல்லை.

மற்ற எந்திரங்கள் மீது வெறுங்கையாருக்கு வருத்தம்தான். காதுக்கருவி மீது மட்டும் கடுங்கோபம். “காது மூளைக்குப் பக்கத்து வீடு. அங்க எந்திரத்தைக் குடிவெச்சீங்கன்னா மூளை கொஞ்சம் கொஞ்சமா ஒழுகிடும்” என்பார். காதில் கருவியோடு யாரும் மண்டபத்துக்குள் கால் வைக்கக் கூடாது. வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுவார்கள்.

இந்த விதிதான் பட்டறைக்காரரின் வீட்டில் சண்டை மூட்டியது.

பட்டறைக்காரர் தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கிற தொழில் செய்பவர். நாள் முழுதும் ஓடும் அச்சு எந்திரத்தின் இரைச்சலில் அவர் காது சிறுகச் சிறுக மந்தமாகி, கடைசியில் தட்டு கீழே விழுந்தால்கூடத் திரும்பிப் பார்க்காத நிலைக்கு வந்துவிட்டது. பட்டறையில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது என்பதால் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. வீட்டிலும் அப்படியே காலம் ஓடியது. மனைவி முதலில் கத்திப் பார்த்தாள். பிறகு கை ஜாடைக்கு மாறினாள். பிறகு அவரைத் திட்ட வேண்டியதையெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்று நிம்மதியாக முணுமுணுக்கக் கற்றுக்கொண்டாள்.

வெளியூரில் வேலையிலிருக்கும் மகன் வந்து அப்பாவுக்குக் காதுக்கருவி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். மாட்டிய அன்று குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தை உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கே மனைவியின் முணுமுணுப்பும் தெளிவாகக் கேட்டது. “என்னை எருமைன்னு எப்பலேர்ந்து சொல்ற?” என்று அவர் நிதானமாகக் கேட்டபோது அவளுக்குக் கரண்டி கை நழுவியது. அந்த வீட்டில் சுதந்திரம் பறிபோன நாள் அது.

அவள் வெறுங்கையாரிடம் போனதற்கு அது காரணமில்லை. மகன் போன் பேசுவது குறைந்திருந்தது. வேலை மிகுதி என்றான். அவள் மனம் ஆறவில்லை. பக்கத்து வீட்டுக்காரியோடு மண்டபத்துக்குப் போனாள். வெறுங்கையார் அவளைப் பார்த்ததுமே, “தாயே, உன் பிள்ளை தூரத்துல இருக்கான், பேச்சு குறைஞ்சுபோச்சு” என்றார். அவள் அழுதுவிட்டாள். “அந்தப் போன்தான் பாசத்தை முழுங்குது. அதை விட்டொழி. பாசம் நேரா வரும்.” போனைக் கொடுத்தாள். பாசம் நேராக வரவில்லை. “வீட்டுல குளிர்ச்சாதனம் இருக்கு பாரு, அது தடுக்குது.” பிரிட்ஜையும் கொடுத்தாள். மறு வாரம் வழியில் நின்றது காதுக்கருவி.

“என்னங்க, நாளைக்கு நீங்களும் வரணும். காதுல இருக்கறதைக் குடுத்துடலாம்.”

“எதுக்கு?”

“மூளை ஒழுகுதாம்.”

“ஒழுகினா தலையணை நனையணுமே.”

“கிண்டல் பண்ணுங்க. இது வந்ததுக்கப்பறம்தான் எல்லாத்துக்கும் எதிர்க்கேள்வி கேக்குறீங்க. முன்னாடி நான் என்ன சொன்னாலும் தலையாட்டுவீங்க.”

“முன்னாடி நீ சொன்னது எதுவும் எனக்குக் கேக்கலை.”

“பையன் நம்மளை மறந்துட்டான். உங்களுக்கு அந்தக் கவலை இருக்கா? இதைக் குடுக்கலைன்னா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போய்டுவேன்.”

அவள் குரல் உடைந்தது. குரல் உடைவது முன்பெல்லாம் அவருக்குக் கேட்காது. இப்போது கேட்டது. வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

மண்டபத்தின் முன்னறையில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஓர் அம்மாள் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாஞ்சையோடு விசாரித்தாள். எங்கேயிருந்து வருகிறீர்கள், வீட்டில் யார் யார், உடம்புக்கு என்ன, வீட்டில் என்னென்ன எந்திரம், எந்தக் கம்பெனி. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘சரிங்களா’ போடுவாள். கேட்கிறவர்களுக்கு உடன்பிறந்தாளோடு பேசுகிற சுகம். இந்தச் சுகத்துக்கும் உள்ளே நடக்கிற அற்புதத்துக்கும் முடிச்சுப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. அற்புதம் என்று தெரிந்துகொண்டு வந்த இடத்தில் எதற்கு முடிச்சு?

“காதுக்கருவியை இங்கயே குடுத்துடணும், சரிங்களா” என்று தட்டை நீட்டினாள்.

பட்டறைக்காரர் கையைக் காதுவரை கொண்டுபோனார். கழற்ற மனம் வரவில்லை. மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கக் குனிந்த நேரம் பார்த்து, சட்டைப்பையிலிருந்த கருவியின் காலிப் பெட்டியை மூடியபடி தட்டில் வைத்துவிட்டு, தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். இழுத்த வேகத்தில் கருவியின் பின்பக்கத்துப் பொத்தான் அழுந்தியது. சட்டென்று உலகமே அடங்கிப்போனது. பாட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் அவர் காதுக்குள் ஒரு பெண் குரல் பேசியது.

“நாலாவது வரிசை, கோடு போட்ட சட்டை. பேக்கரி வெச்சிருக்காரு. மாவு பிசையற மெஷின் புதுசு, சரிங்களா. தங்கச்சியோட பேச்சுவார்த்தை இல்லை.”

பட்டறைக்காரர் திடுக்கிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. வெறுங்கையார் கண்ணை மூடி, கையை உயர்த்தி, நாலாவது வரிசையைச் சுட்டினார். அவர் உதடுகளைப் பட்டறைக்காரர் உற்றுப் பார்த்தார். ‘மாவைப் பிசையிற எந்திரம் ரத்த பந்தத்தையும் சேர்த்துப் பிசையுது மகனே’ என்றன உதடுகள். கோடு போட்ட சட்டை விம்மியது.

ஆளுக்கு ஆள் இதேதான். முதலில் குரல், பிறகு உதடு. பட்டறைக்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெறுங்கையாருக்கு வருகிற அசரீரி தமக்கும் வருகிறதென்றால், தாம் யார்? மூடி அடித்துக்கொண்டிருந்தவனையா தேர்ந்தெடுத்தது? இந்தப் பெருமிதத்தில் அவர் மிதந்துகொண்டிருந்தபோது அசரீரி மறுபடி பேசியது.

“கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க. தொப்பை தெரியுது.”

பட்டறைக்காரர் அவசரமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடையில் வெறுங்கையாரும் அதே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அசரீரி தொப்பையைப் பற்றியெல்லாம் பேசுமா என்று அப்போதுதான் லேசாக ஒரு சந்தேகம் தட்டியது.

வீட்டுக்குத் திரும்பியதும் பொத்தானை மறுபடி அழுத்திப் பார்த்தார். உலகம் திரும்ப வந்தது. கருவியைக் கொடுத்துவிட்டதாக மனைவி நம்பிக்கொண்டிருந்தாள். அவரும் தொப்பியைக் கழற்றாமல் செவிடாகவே நடமாடினார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் எப்படி நடப்பான் என்று தெரியாததால் கொஞ்சம் மெதுவாக நடந்தார்.

மாலையில் அவள் சமையலறையில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். பிரிட்ஜ் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அந்தச் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

“பாவம் மனுஷன். ஒரு வார்த்தை சொன்னதும் குடுத்துட்டார். இப்ப மறுபடி ஒண்ணும் கேக்காம உக்காந்திருக்கார். எல்லாத்தையும் குடுத்தாச்சு. இன்னும் அவன் கூப்பிடலை. நான் என்ன தப்பு பண்ணினேன்னு தெரியலையே.”

அவர் கதவோரம் நின்றார். திட்டு வரும் என்று எதிர்பார்த்த காதில் இது வந்து விழுந்தது. திரும்பிப் பார்க்கவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. செவிடனுக்கு எப்படிக் கேட்டது என்பாள். அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட நடையை விட்டுவிட்டு, சாதாரணமாக நடந்து போய்ப் படுத்துக்கொண்டார். தூக்கம் வரவில்லை.

மறுநாள் பட்டறையின் தொலைபேசி அடித்தது. மகன்தான்.

“அப்பா, அம்மா ஏன் போனை எடுக்கறதே இல்லை? எத்தனை தடவை கூப்பிடறேன். என் மேல கோபமா?”

பையன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கருவி வாங்கிய கடையில் அந்தப் பெண் ஏதோ சொன்னது நினைவுக்கு வந்தது: போன் பேசும்போது பின்னாலிருக்கும் பொத்தானை அழுத்துங்கள். அன்றைக்கு அவர் பழைய பழக்கத்தில் தலையை மட்டும் ஆட்டிவைத்தார். இப்போது அழுத்தினார். பட்டறை இரைச்சல் அத்தனையும் அடங்கி, மகன் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து பேசினான்.

பட்டறைக்காரர் ரிசீவரைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். இதே நிசப்தம். மண்டபத்தில் வந்தது இதே நிசப்தம்.

“அப்பா, இருக்கீங்களா?”

“இருக்கேன்டா. இப்பத்தான் புத்தியோட இருக்கேன். அம்மாவை நானே பேசவைக்கறேன்.”

நேராகக் கடைக்குப் போனார். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினாள்.

“அந்தப் பொத்தானை அழுத்தினா, வெளிச்சத்தம் நின்னுடும் சார். போன்லேர்ந்து வர்ற காந்த அலையை மட்டும் கருவி நேரா பிடிக்கும். சில பெரிய ஹால்ல தரையைச் சுத்தி வயர் ஓட்டி, மைக்ல பேசறதை இதே மாதிரி அனுப்புவாங்க. காது கேக்காதவங்களுக்கான வசதி.”

“நான் போன ஹால்ல மைக்கே கிடையாதும்மா. மெழுகுவர்த்திதான்.”

அவள் சிரித்தாள். “அப்ப யாரோ ஒருத்தர் காதுக்காக மட்டும் வயர் ஓட்டியிருக்காங்க.”

காதுக்கருவி மீது மட்டும் வெறுங்கையாருக்கு ஏன் அத்தனை கோபம் என்பது கடைவாசலில் இறங்கும்போது பட்டறைக்காரருக்கு விளங்கியது. வழியெல்லாம் தமக்குத்தாமே சிரித்துக்கொண்டு நடந்தார். தாம் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லை என்பதில் ஒரு சின்ன வருத்தமும் இருந்தது. மனிதர்தானே.

வீட்டில் இதைச் சொன்னால் மனைவி நம்புவாளா? மூளை ஒழுகிவிட்டது என்பாள். அதனால் ஒன்றும் சொல்லாமல், இன்னொரு முறை மண்டபத்துக்குப் போகலாம் என்று ஜாடை காட்டினார். அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

முன்னறையில் மனைவி பக்கத்து வீட்டுக்காரியோடு பேசப் போனதும், தண்ணீர் கொடுத்த அம்மாளிடம் பட்டறைக்காரர் குரலைத் தழுதழுக்கவைத்துக்கொண்டு சொன்னார்:

“எனக்கு ஒரு அண்ணன் இருந்தார்மா. லிப்டுல மாட்டிப் போய்ட்டார். அதுலேர்ந்து எனக்கு நிம்மதியே இல்லை.”

“அடப் பாவமே. மனசை விட்டுடாதீங்க, சரிங்களா” என்று அவள் உண்மையாகவே கலங்கினாள். கலங்கிக்கொண்டே விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டாள். பட்டறைக்காரர் பெற்றோருக்கு ஒரே பிள்ளை.

கதவு சாத்தப்பட்டது. அவர் தொப்பிக்குள் விரலை விட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டார். அதிக நேரம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. குரல் வந்தது, கை உயர்ந்தது, உதடு அசைந்தது.

“மகனே, உன் அண்ணன் இன்னும் அந்த லிப்டுக்குள்ளதான் இருக்கான். மேல போறான், கீழ வர்றான். கதவு திறக்கமாட்டேங்குது.”

கூட்டம் உச்சுக்கொட்டியது. பட்டறைக்காரரின் மனைவி குழம்பிப்போய் எழுந்து நின்றாள்.

“அண்ணனா? இவர் ஒத்தப் பிள்ளைங்க ஐயா.”

குரல் காதுக்குள் பதறியது: “ஐயையோ, சமாளிங்க.”

வெறுங்கையார் கண்ணை மூடினார். தாடியைத் தடவினார். “பிறக்காத அண்ணன்” என்றார்.

மண்டபம் சிலிர்த்தது. கணக்கு வாத்தியார் பரவசத்தோடு திரும்பி, “பிறக்காதவனையே பாக்கறார் பாருங்க” என்றார்.

“பிறக்காதவன் எப்படிய்யா லிப்டுல ஏறினான்?” என்று பட்டறைக்காரர் கேட்டார்.

“பிறந்தவனே ஏறும்போது பிறக்காதவன் ஏறமாட்டானா?” என்றார் வாத்தியார். கூட்டம் ஆமோதித்தது.

பொய்யை வெளியே இழுத்துப் போட்டால் நம்பிக்கை செத்துவிடும் என்று பட்டறைக்காரர் நினைத்திருந்தார். அது இன்னும் கொழுத்து வளர்ந்ததைக் கண்ணால் பார்த்தார். ஆனால் மனைவியின் முகத்தில் மட்டும் அந்தக் குழப்பம் அப்படியே இருந்தது. மாமியாரை அவளுக்கு நன்றாகத் தெரியும். பிறக்காத பிள்ளையைப் பற்றி அந்த அம்மாள் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. பிறந்த ஒன்றைப் பற்றியே அத்தனை குறை சொன்னவர்.

அவர் தொப்பியைக் கழற்றினார். காதிலிருந்து கருவியை எடுத்தார்.

“இதைக் குடுக்கலையா நீங்க?” என்று மனைவியின் உதடுகள் கேட்டன.

“காதுல வெச்சுப் பாரு.”

“மூளை...”

“ஒரு நிமிஷம் ஒழுகட்டும்.”

அவள் கையிலேயே கொடுத்து, கையைப் பிடித்துக் காதருகே கொண்டுபோனார். அதன் பிறகு அவருக்கு எதுவும் கேட்கவில்லை. பழைய கனத்த அமைதிக்குள் நின்றுகொண்டு அவள் முகத்தை மட்டும் பார்த்தார். முதலில் கண் விரிந்தது. பிறகு புருவம் நெருங்கியது. பிறகு அவள் உதடுகள், பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல ஆரம்பித்தன. அவள் உரக்கச் சொல்கிறாள் என்பது மண்டபத்தில் தலைகள் திரும்பிய விதத்தில் தெரிந்தது.

“கிழவன் என்னமோ பண்றான், விட்டுடுங்க. பொண்டாட்டியைப் பிடிங்க, சரிங்களா. மகன் பேசறதில்லைன்னு சொன்னாப் போதும், உடனே அழும். அவ குடுத்த பிரிட்ஜ் நல்ல விலைக்குப் போச்சு. இன்னிக்கு வாஷிங் மெஷினைக் கேளுங்க.”

மேடையில் வெறுங்கையார், பழக்கதோஷத்தால், கையை உயர்த்திவிட்டிருந்தார். “தாயே, உன் பிள்ளை...” என்றதோடு உதடுகள் நின்றன.

அவள் அழவில்லை. கருவியைக் கணக்கு வாத்தியாரிடம் நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கி வாங்கிக் காதில் வைத்தார். மேடைத் திரைக்குப் பின்னாலிருந்த அந்தச் ‘சரிங்களா’ அம்மாளுக்கு நடப்பது பாதிதான் தெரிந்தது போலிருக்கிறது. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாத்தியாரின் முகம் வெளிறியது. “முன்வரிசை வழுக்கை இருக்கானே, அவனை அடிக்கடி புகழ்ந்து வைங்க, இலவசமா விளம்பரம் பண்றான்” என்று அவர் மெல்லிய குரலில் திருப்பிச் சொன்னார். இந்த முறை வாய்ப்பு பூஜ்யம் என்று அவர் சொல்லவில்லை. பேக்கரிக்காரர் பிடுங்கிக் கேட்டார். வங்கிக்காரர் கேட்டார். கருவி காது மாறிக் காது மாறிப் போக, ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிய அர்ச்சனையைத் தாமே வாயால் ஒப்பித்தார்கள்.

“ஏன் எல்லாரும் எழுந்திருக்காங்க? என்னாச்சு?” என்பதுதான் கடைசியாக வந்த அசரீரி.

பட்டறைக்காரரின் மனைவி மேடையேறினாள். வெறுங்கையாரின் தோள்வரை தொங்கிய முடியை ஒரு கையால் விலக்கினாள். காதுக்குள் பயறு அளவில் ஒரு சின்னக் கருவி உட்கார்ந்திருந்தது.

“ஐயா, உங்களுக்கு மட்டும் ஒழுகலையா?” என்று கேட்டாள்.

அதற்கு மேல் மண்டபம் மண்டபமாக இல்லை. கம்பளத்தைத் தூக்கினார்கள், விளிம்போடு விளிம்பாக வயர் ஓடியது. திரையைக் கிழித்தார்கள், மைக்கும் மின்விசிறியும் ஒரு சின்ன டி.வி.யும் இருந்தன. அந்த அம்மாள் வெறுங்கையாரின் மனைவி என்பதும் தெரிந்தது. கொட்டகையில் எந்திரங்கள் துடைத்துப் பளபளப்பாக, வெளியூருக்குப் போக விலைச்சீட்டு ஒட்டி நின்றன. அடக்கம் செய்ததாகச் சொன்னவற்றில் ஒரு பிடி மண்கூட ஒட்டியிருக்கவில்லை. வெறுங்கையார் பின்பக்கமாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். ஆனால் ஆத்திரத்தில் யாரோ மெயின் சுவிட்சை இழுத்துவிட்டதால், அவர் ஆசையாகப் பொருத்தியிருந்த தானியங்கிக் கதவு திறக்கவில்லை. ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தார், காவலர்கள் வரும்வரை.

ஞானம் பெற்ற வேகத்தைவிட அதிக வேகத்தில் ஊர் சாமான்களை மீட்டுக்கொண்டது. வங்கிக்காரர் தாம் கொடுத்ததைவிடப் பெரிய ஏ.சி. ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார். சுவர் ஓட்டைக்குள் அது நுழையவில்லை என்று பிறகு கேள்வி. பட்டறைக்காரரின் பிரிட்ஜ் விற்றுப்போயிருந்தது. மனைவியின் போன் ஒரு கோணிப்பையின் அடியில் கிடைத்தது, உயிரில்லாமல்.

அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. பட்டறைக்கு வந்து, தொலைபேசியில் மகனைக் கூப்பிட்டாள். அவர் அச்சு எந்திரத்தை நிறுத்தினார்.

“நான்தாம்பா, அம்மா.” ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “கோபமெல்லாம் இல்லை. நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். அப்பறம் சொல்றேன். நீ சாப்பிட்டியா?”

அவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா ஒரு மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மூடி.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர் விடவில்லை. மறு வாரம் பட்டறை வாசலில் ஐந்தாறு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பவ்யமாக நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் கணக்கு வாத்தியார்.

“அந்தப் பொய்யனை விடுங்க. அத்தனை பேர்ல உங்க காதுக்கு மட்டும்தானே அது முதல்ல கேட்டுது? சும்மா கேக்குமா?” என்றார் வாத்தியார். “என் பையனுக்கு எப்ப வேலை கிடைக்கும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.”

“கேட்டது நான் இல்லை, இந்தக் கருவி. கடையில விக்குது. போய் வாங்கிக்குங்க” என்று பட்டறைக்காரர் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

ஐந்தாறு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்த ஒருவர் கருவியைப் பார்த்து மெல்லக் கைகூப்பினார். மற்றவர்களும் கூப்பினார்கள்.

பட்டறைக்காரர் அவர்கள் உதடுகள் முணுமுணுப்பதைப் பார்த்தார். என்ன வேண்டுகிறார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை, உதட்டைப் படிக்கவும் அவர் மெனக்கெடவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார். கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, எந்திரத்தை ஓட்டப் போகும் முன் திரும்பிச் சொன்னார்:

“காது கேக்கலைன்னா கடையில கருவி இருக்கு. யோசிக்காம இருக்கறதுக்கு எந்தக் கடையிலயும் கருவி கிடையாது. யோசிக்கறதை மட்டும் அவங்கவங்களேதான் பண்ணிக்கணும். வழியை விடுங்க, எனக்கு வேலை இருக்கு.”